நாவலைப் படமாக்கும்போது யாருடைய கண்ணால் பார்ப்பது? 'வெக்கை', 'அசுரன்' முதலியவற்றை முன்வைத்து

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. வெற்றிமாறன் அதை அடிப்படையாகக் கொண்டு 2019இல் 'அசுரன்' படத்தை எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், தனுஷுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தன. படம் நன்றாக எடுக்கப்பட்டது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போன எனக்கு ஒரு கேள்வி தீராமல் இருக்கிறது. அதை இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன்.

நாவல் செலம்பரத்தின் கதை. பதினைந்து வயதுப் பையன். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் துண்டித்துவிட வேண்டும் என்று நினைத்து வீசிய அரிவாள் அவன் உயிரையே வாங்கிவிடுகிறது. அங்கேதான் நாவல் தொடங்குகிறது. அதன் பிறகு தந்தையும் மகனுமாக எட்டு நாட்கள் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஓடைக்கரையிலும் ஒளிந்து திரிகிறார்கள். அந்த எட்டு நாட்களில் பெரிய சம்பவம் என்று சொல்ல அதிகம் இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எந்தப் பாறையிடுக்கில் படுக்கலாம் என்பதே பக்கங்களை நிரப்புகிறது. கொலை செய்தவன் என்கிற நினைப்போடு ஒரு பையன் பசிக்கிறான், தூங்குகிறான், அம்மாவையும் தங்கையையும் நினைத்துக்கொள்கிறான். அய்யா அவனைத் திட்டுவதில்லை, பெரிதாகப் பாராட்டுவதும் இல்லை, பக்கத்தில் இருக்கிறார். இந்த அருகாமைதான் நாவல் எனக்குக் கொடுத்தது.

படத்தில் கதையின் நடு இடம் தந்தைக்கு, அதாவது சிவசாமிக்குப் போய்விடுகிறது. அவருடைய இளமைக்காலம் நீண்ட முன்கதையாக விரிகிறது: சாராயம் காய்ச்சும் வேலை, மாரியம்மாள், செருப்பைத் தலையில் சுமக்க வைக்கும் கொடுமை, பஞ்சமி நிலப் போராட்டம், குடிசைகளுக்கு வைக்கப்படும் தீ. நாவலில் அய்யாவின் கடந்த காலம் பேச்சினூடே துணுக்குகளாகத்தான் வருகிறது. படத்தில் அதுவே பாதிக் கதைக்குச் சமமான கனத்தைப் பெறுகிறது. சேர்த்ததைக் குற்றமாக நான் சொல்லவில்லை. பையனின் கண்ணால் பார்க்கப்பட்ட உலகம் ஒரு மாவீரனின் கண்ணுக்கு மாற்றப்பட்டபோது நாவலின் உயிர் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

காவிரிக்கரை

நண்பர் கரிசல்மண் அவர்களின் பதிவை மதிப்போடு படித்தேன். அவருடைய முடிவோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

'வெக்கை' பலவற்றைச் சொல்லாமல் விடுகிற நாவல். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, ஏன் ஒரு துண்டு நிலத்துக்காக இவ்வளவு ரத்தம் என்பதைக் கரிசல் வாசகர் வரிகளுக்கு இடையில் தாமே நிரப்பிக்கொள்வார். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. பஞ்சமி நிலம் 1892இல் பிரிட்டிஷ் அரசால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது என்பதும், அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது என்பதும் நம் பாடப் புத்தகங்களில் எத்தனை மாணவர்களை எட்டியிருக்கின்றன? அந்தத் தீக்காட்சியைப் பார்க்கும் எவருக்கும் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் நினைவு வராமல் போகாது. நாவலாசிரியர் மௌனமாக விட்ட இடத்தில் இயக்குநர் வரலாற்றை வைத்தார். அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

தந்தை மையத்துக்கு வந்ததற்கு நட்சத்திர நடிகர் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நடிகர் இல்லாவிட்டால் அந்தப் படத்துக்கு அவ்வளவு முதலீடும் அவ்வளவு அரங்குகளும் கிடைத்திருக்குமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

படத்தொகுப்பு மேசை

படத்தொகுப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்த விவாதத்தில் பொதுவாகப் பேசப்படாத ஒரு சிக்கலைச் சொல்கிறேன். நாவலைப் படமாக்குவதில் நீளம்தான் முதல் தடை என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் நீளத்தைக் குறைப்பது கடினமான வேலை அன்று. எந்த இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கலாம், எந்தக் கிளைக்கதையை நீக்கலாம் என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து பேசினால் முடிவு செய்துவிடலாம். உண்மையில் வதைப்பது காலம்.

"ஒவ்வொரு நாள் மாலையும் அவன் அந்தப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்வான்" என்று நாவலாசிரியர் ஒரே வாக்கியம் எழுதிவிடுகிறார். அதில் பல மாதங்கள் அடங்கிவிடுகின்றன. கேமராவால் "ஒவ்வொரு நாளும்" என்று சொல்ல முடியாது. அது ஒரு நாளைத்தான் காட்டும்: ஒரு குறிப்பிட்ட மாலை, ஒரு குறிப்பிட்ட சட்டை, அன்றைக்கு வந்த வெளிச்சம். வழக்கம் என்பதைக் காட்ட வேண்டுமானால் ஒரே படித்துறையில் வேறு வேறு உடைகளில், வேறு வேறு ஒளியில் மூன்று நான்கு முறையாவது படம் பிடித்து அடுக்க வேண்டும். அப்படி அடுக்கும்போது பேச்சுக்கு இடமில்லை, இசை தேவைப்படுகிறது. தமிழ் சினிமாவில் பாடல் இந்த வேலையைத்தான் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது என்பது என் கருத்து. காதல் வளர்வதையும் பிள்ளை வளர்வதையும் குடும்பம் நொடிவதையும் நாலரை நிமிடப் பாடலில் கடந்துவிடுகிறோம். பாடல்களே வேண்டாம் என்று சொல்லும் விமர்சகர்கள், ஒரு நாவலின் வழக்கமான நாட்களை வேறு எந்த வழியில் திரைக்குக் கொண்டுவருவது என்பதையும் சொல்லிவிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இதற்குச் சரியான உதாரணம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. 1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் படமாகி, அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருதைப் பெற்றது. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மீது பாபுவுக்கு இருக்கும் மோகம் வருடக்கணக்கில் நீள்கிறது. ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்பதும் அப்படித்தான். ஒரு நாளில் நடப்பது எதுவுமில்லை. கடைசியில் இருவரும் இணையும் அந்த இரவுக்குப் பின், எல்லாம் இதற்குத்தானா என்ற பொருளில் யமுனா ஒரு கேள்வி கேட்கிறாள். நாவலில் அந்தக் கேள்விக்கு நாம் சில நாட்களோ வாரங்களோ வாசித்த பிறகு வந்து சேர்கிறோம், பாபுவின் காத்திருப்பில் ஒரு பங்கு நம்முடையதாகவும் ஆகிவிடுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் அதே கேள்வி வரும்போது பார்வையாளருக்குப் புரியும், ஆனால் அவர் காத்திருக்கவில்லை. இதைச் சரிசெய்ய எந்தத் தொகுப்பு உத்தியும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, எழுத்தில் இருக்கும் சங்கீதத்தை வாசகர் தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த குரலில் கேட்டுக்கொள்வார். படத்தில் ஒரு குரல்தான் ஒலிக்க முடியும். இளையராஜாவே இசையமைத்தாலும், ஒவ்வொரு வாசகரின் காதிலும் ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ரங்கண்ணாவோடு அது போட்டியிட்டாக வேண்டும்.

தொடர்கதை நேயர்

காலத்தைப் பற்றிப் பேசுவதானால் தொடர்கதைகளை விட்டுவிடக் கூடாது. நம்முடைய புகழ்பெற்ற நாவல்களில் பல வாரந்தோறும் வெளிவந்தவை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த வாரத்துக்கான கொக்கி இருக்கும். அந்தக் கொக்கிகளை அப்படியே திரைக்கதையில் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட வேண்டும்.

தொடர்கதைக்கு ஓவியமும் உண்டு. 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' கொத்தமங்கலம் சுப்பு எழுதி ஆனந்த விகடனில் வந்தபோது கோபுலு வரைந்தார். வந்தியத்தேவனுக்கும் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் படம் வருவதற்கு முன்பே முகம் இருந்தது. 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது சிவாஜியும் பத்மினியும் அந்த முகங்களைத் தாண்டி மக்கள் மனதில் உட்கார்ந்ததும், எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் எழுத்தில் மட்டுமே இருந்த வாசிப்புக்கு ஒலி கொடுத்ததும் எளிய சாதனை அல்ல. தமிழில் நாவலைத் தழுவிய படங்களில் எனக்கு இன்றும் குறையில்லாமல் தோன்றுவது அதுதான்.

1939இல் வந்த 'தியாக பூமி'யில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. கே. சுப்பிரமணியம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே கல்கியின் கதை விகடனில் தொடராக வந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். வாசகர் தாமாக ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொள்ளும் முன்பே நடிகரின் முகம் வந்துவிட்டது. அப்படி ஒரு முயற்சியை இன்று ஏன் எவரும் செய்து பார்ப்பதில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

படத்தொகுப்பு மேசை

தொடர்கதை நேயர் ஐயா 'பொன்னியின் செல்வ'னைக் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மணிரத்னத்தின் இரண்டு பாகங்களும் 2022, 2023இல் வந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஐந்து பாக நாவலுக்கு அது மிகக் குறைவு. வெட்டியதில் எனக்குப் புகார் இல்லை, தொடக்கத்தை மாற்றியதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு, கடல் போன்ற ஏரியையும், சித்திரான்னத்தோடு கரைக்கு வந்திருக்கும் குடும்பங்களையும் வியந்து பார்த்துக்கொண்டு போகிறான். அவன் சோழ நாட்டுக்குப் புதியவன், நாமும் புதியவர்கள்; அவனோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்கிறோம். படம் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. அந்த நொடியிலேயே நாம் அரச குடும்பத்தின் பக்கம் நின்று பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். கரிசல்மண் கேட்ட அதே கேள்விதான் இங்கும் வருகிறது.

கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசி வரை உறுதியாகச் சொல்லவில்லை. எழுத்தில் விளக்கை அணைத்துவிடலாம், வாசகர் அதை ஏற்பார். கேமராவை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும், வைத்துவிட்டால் ஏதாவது தெரிந்துவிடும். படம் அந்த மரணத்தைக் கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையிலான காட்சியாகக் கண் முன்னே நடத்திக் காட்டுகிறது. திரைக்கு அது வலுவான முடிவு என்றே சொல்வேன்.

தொடர்கதை நேயர்

வந்தியத்தேவனை நேசித்த மணிமேகலையைப் படத்தில் நீக்கியதை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்துக்கே 'மலர் உதிர்ந்தது!' என்று பெயர். அரியணை, சதி, பட்டாபிஷேகம் எல்லாம் முடிந்த பிறகு கல்கி நம்மை அந்தப் பெண்ணின் மரணத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவள் இல்லையென்றால் அந்த வெற்றிகளுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே தெரியாமல் போகிறது.

நெய்தல்

இதுவரை பேசப்பட்டவை எல்லாம் வாசகர்கள் நன்கு அறிந்த நாவல்கள். எதிர்ப்பக்கத்தில் ஓர் உதாரணம் வைக்கிறேன். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற நாவல். மகேந்திரன் 1978இல் அதைப் படமாக்கியபோது நாவலின் கட்டமைப்பைப் பெருமளவுக்கு விட்டுவிட்டார். நாவலில் நாயகன் காளி கையை இழப்பது புலியால். படத்தில் அவன் கைமீது லாரி ஏறிவிடுகிறது. புலி வந்திருந்தால் அது காட்டின் சாகசமாகியிருக்கும். லாரி என்பதால், வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்ட ஆத்திரத்தில் குடித்துவிட்டுச் சாலையில் கிடந்த மனிதன் தானே வரவழைத்துக்கொண்ட கேடாகிறது. அடுத்து வரும் ஒவ்வொரு காட்சியிலும் அவனுடைய வீம்புக்கு அது காரணமாகவும் நிற்கிறது. அண்ணன் தங்கை என்கிற ஒற்றை உறவை மட்டும் அவர் கையில் வைத்துக்கொண்டார். வசனம் குறைவாக இருப்பதைப் பார்த்துத் தயாரிப்பாளர் கோபப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டு வந்த 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது. மூலத்திலிருந்து மிகவும் விலகிய படம் என்றாலும், கடன் பட்டதை மகேந்திரன் மறைக்கவில்லை. அவரால் இவ்வளவு சுதந்திரம் எடுத்துக்கொள்ள முடிந்ததற்கு, அந்த மூலங்களைப் படித்தவர்கள் அரங்கில் மிகக் குறைவாக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'பொன்னியின் செல்வ'னில் புலியை லாரியாக மாற்ற எவருக்கும் துணிச்சல் வராது.

காவிரிக்கரை

எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள் என்பதால் ஜெயகாந்தனையும் நினைவுகூர வேண்டும். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கியபோது திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த நாவல் பிறந்ததே 'அக்கினிப் பிரவேசம்' என்ற அவருடைய சிறுகதைக்கு எழுந்த எதிர்ப்பிலிருந்து. அந்தக் கதையில் தாய் மகளின் தலையில் நீரூற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அப்படிச் செய்யாத தாய்க்கு மகளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாவல் கேட்கிறது. அந்தச் சிறுகதையை எழுதிய எழுத்தாளரே நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற பாத்திரமாக வருகிறார். படத்தில் நாகேஷ் அந்த வேடத்தில் நடித்தார். நகைச்சுவைக்கு என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த முகத்தை எழுத்தாளரின் முகமாக்கியது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு.

ஆனால் இது ஜெயகாந்தனுக்குப் பொருந்தியதற்குத் தனிக் காரணம் உண்டு. அவருடைய மனிதர்கள் எழுத்திலேயே பேசித் தீர்ப்பவர்கள். வாதமே அவர்களுடைய செயல். பூமணியின் மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.

கரிசல்மண்

எல்லோருடைய பதிவுகளையும் பொறுமையாகப் படித்தேன். குறிப்பாகக் காவிரிக்கரை அவர்களின் கடைசி வரி என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அதை அவர் ஏற்பாரா என்று தெரியவில்லை.

சேர்ப்பதும் நீக்குவதும் எனக்குப் பிரச்சினை இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அதே வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை'யைப் பாருங்கள். மு. சந்திரகுமார் குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் பட்ட துன்பத்தை 'லாக்கப்' என்று எழுதினார். படத்தின் முதல் பாதி அதிலிருந்து வருகிறது, சென்னையில் நடக்கும் இரண்டாம் பாதி புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஆனாலும் மூலத்துக்கு ஊறு நேரவில்லை என்றே நான் கருதுகிறேன். லாக்கப்பில் அடிபட்டவனின் பார்வை முடிவு வரை நம்மிடம் இருந்து பறிக்கப்படவில்லை. மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கை அவன் தற்செயலாகக் கேட்டுவிடுகிறான், அதுவே அவனுக்கு எமனாகிறது. சேர்த்த பகுதியும் அதே கண்ணால்தான் பார்க்கப்படுகிறது.

சத்யஜித் ரே 1955இல் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தபோது செய்ததையும் எண்ணிப் பார்க்கிறேன். பிபூதிபூஷண் நாவலில் கிழவி இந்திர் தாக்ருண் வெகு சீக்கிரமே இறந்துவிடுகிறாள், அப்போது அப்பு கைக்குழந்தை. ரே அவளை அப்பு ஓடியாடும் வயது வரை உயிரோடு வைத்திருந்தார். ஆகவே அந்த மரணத்தைத் துர்காவும் அப்புவும் மூங்கில் புதரோரம் தாங்களே கண்டெடுக்கிறார்கள். நாவலின் வரிசையை மீறியது உண்மை, ஆனால் பிள்ளைகளின் கண் விலகவில்லை. மீறியதால் அது இன்னும் கூர்மையானது. இப்படி ஒரு மாற்றத்துக்காகத்தான் நான் 'அசுர'னில் காத்திருந்தேன்.

'அசுர'னில் காட்டில் மகனைக் காப்பாற்ற சிவசாமி எழுந்து நிற்கும் சண்டைக் காட்சியில் அரங்கே அதிர்ந்தது. நானும் அங்கே இருந்தேன். அந்தக் கணத்திலிருந்து செலம்பரம் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளை ஆகிவிட்டான். நாவலில் அவன் தான் செய்த செயலின் பொறுப்பைத் தானே சுமப்பவன், பதினைந்து வயதில் சுமப்பவன். அய்யா அதை அவனிடமிருந்து வாங்கிக்கொள்வதில்லை. கடைசியில் இருவரும் கோர்ட்டில் சரணடையப் புறப்படும்போது ஒருவர் மற்றவருக்கு அறிவுரை சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. படத்தில் கல்வியை மட்டும் நம்மிடமிருந்து எவராலும் பறிக்க முடியாது என்று தந்தை மகனுக்குச் சொல்கிறார்.

காவிரிக்கரை

அந்த அறிவுரை நாவலுக்குத் தேவையில்லை என்பதை ஏற்கிறேன். படத்துக்கும் தேவையில்லை என்பதை ஏற்க மாட்டேன். நான் பள்ளி ஆசிரியை. படம் வந்த வாரத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் அந்த வசனத்தைத் தாங்களாகவே வகுப்பில் சொன்னார்கள். அவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பதினோராம் வகுப்பை எட்டியவர்கள். 'வெக்கை'யை அவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பிறகு நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தவர்களில் ஒரு மாணவி திருப்பிக் கொடுக்கும்போது, "இதில் அப்பா சண்டையே போடவில்லையே, அம்மா?" என்று கேட்டாள். எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டதற்கு, காட்டில் இருவரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் இடங்கள் என்றாள்.

கரிசல்மண்

அந்த மாணவிக்குப் பூமணியின் 'பிறகு' நாவலையும் கொடுங்கள், அம்மா. அதை இதுவரை எவரும் படமாக்கவில்லை. அவள் யாருடைய முகத்தையும் முன்கூட்டியே பார்த்திருக்க மாட்டாள்.